ஒப்பீட்டு மண்

அருமனைக்கு மேற்கே, ரப்பர் சரிவு முடிந்து
வாழை தொடங்கும் இடத்தில்
ஞானசிகாமணி மண்வெட்டியோடு நின்றிருந்தார்.
குழி பதினைந்து சென்டிமீட்டர் போதும்.
ஒரு பக்கச் சுவரை மட்டும் மேலிருந்து கீழாக,
அன்னாசி சீவுவதுபோல், ஒரே கனத்தில் சீவ வேண்டும்.
பதினேழு இடத்து மண்ணையும் குவித்து
வட்டமாகப் பரப்பி நாலாக வகுந்து
எதிரெதிர் இரண்டு பங்கைத் தள்ளி
மிச்சத்தை மறுபடி குவித்து, மறுபடி வகுந்து,
கடைசியில் ஒரு விளை முழுவதும்
அரைக்கிலோ பையில் வந்து அடங்கும்.
பையின்மேல் பென்சிலால்தான் எழுதுவேன்.
இந்த ஊர் மழைக்கு மை நிற்காது.

"தள்ளுன மண்ணுல இருந்துதுன்னா
என்ன செய்வ பிள்ளே?"

புள்ளியியல் அதற்கொரு பதில் வைத்திருக்கிறது.
அவர் கேட்டது அதை அல்ல.

ஏத்தன் நடும்போது குழிக்கு ஒரு பிடி குருணை,
மூன்றாம் மாதம் தூரைச் சுற்றி இன்னொரு பிடி,
கூன்வண்டு கண்ணில் பட்டால் கணக்கில்லை.
அவர் அதை மருந்து என்கிறார்.
நான் எச்சம் என்கிறேன்.
உரக்கடைக்காரர் பாக்கி என்கிறார்,
நோட்டுப் புத்தகத்தைப் புரட்டியபடி.

ஒப்பிட்டுப் பார்க்க
ஒன்றும் விழாத மண் வேண்டும்.
இரண்டு நாள் தேடினேன்.
ரப்பர் மூட்டில் மயில்துத்தம்.
பள்ளி மைதானத்தில் களைக்கொல்லி,
புல் செத்த இடத்தில் பையன்கள் வாலிபால் ஆடினார்கள்.
ஓடைக்கரை யாருடையது என்றே தெரியவில்லை,
எல்லாருடையதும் அதில் இருந்தது.

கடைசியில் குன்றின்மேல்
கோயிலுக்குப் பின்னால் கல்லறைத் தோட்டம்.
பெயரில்தான் தோட்டம்.
யாரும் நடுவதில்லை, யாரும் அறுப்பதில்லை.
பதினேழு இடம் எடுத்தேன்,
அம்மாவின் குழிப்பக்கம் மட்டும் போகாமல்.

நாகர்கோவிலில், ஆய்வகத்தில்,
எல்லாரும் போன பிறகு
கருவி தன் கோட்டை வரைந்துகொண்டிருந்தது.
வாழை மண்ணுக்கு ஒரு சிறு மேடு,
தடுக்கி விழலாம், அவ்வளவுதான்.
கல்லறை மண்ணுக்கு
வேளிமலை.

குப்பி சரியாகக் கழுவவில்லையோ.
மறுபடி ஓட்டினேன்.
மூன்றாம் முறையும் அதே நிமிடத்தில், அதே உயரத்தில்.

காலையில் கோயில்பிள்ளை தாசையனைக் கூப்பிட்டேன்.
"அது செதல் மருந்தாக்கும்.
பெட்டி இறக்குமுன்ன அடியில ஊத்துவினும்,
மண்ணு மூடினாப் பொறவு மேல ஊத்துவினும்.
ஆளு மண்ணாப் போனாலும்
பெட்டிய செதல் தின்னப்பிடாதுல்லா.
எல்லா வீட்டாளுவளும்தான்.
ஒனக்க அம்மைக்கு
நீயில்லியா ஊத்தின?"

ஆமாம்.
போன ஐப்பசி. குடைகளுக்கு நடுவே
அண்ணன் மூடி திறந்து கையில் தந்த குப்பி.
லேபிள் படிப்பதுதான் என் வேலை,
சம்பளமே அதற்குத்தான்.
அதன் மஞ்சள் முக்கோணத்தைப் பார்க்கவில்லை.
தலைமாட்டில் தொடங்கி
கால்மாடு வரை மெதுவாக, ஒரு சொட்டு சிந்தாமல்,
எண்ணெய் வைத்துவிடுவதுபோல் ஊற்றினேன்.

நான் அந்தக் குழிப்பக்கம் போகவில்லை.
மழை எல்லாப் பக்கமும் போயிருக்கிறது.

படிவத்தில் ஒரு கட்டம்:
மாசுபடாத மாதிரி எடுத்த இடம்.
அதை அப்படியே விட்டுவிட்டு
அடுத்த கட்டத்துக்குப் போகிறேன். அது கேட்கிறது:
முதல் கட்டத்திலிருந்து எவ்வளவு வித்தியாசம்?

மத்தியானம் ஞானசிகாமணி கூப்பிட்டார்.
பேரப்பிள்ளைக்கு ஏத்தன்காய் பொடித்துக்
கூழ் காய்ச்சப் போகிறார்களாம்.
"எனக்க மண்ணு தேறுமா?"

இன்னொரு தடவை வரணும், என்றேன்.
உங்க விளைக்கு வெள்ளம் எங்கேயிருந்து இறங்குதோ
அங்கேயிருந்து தோண்டணும்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை.
பின்னால் எங்கோ அம்மிக்கல் சத்தம்.

"மேல கோயிலாக்குமே," என்றார்.